மாமாவை மறுபடி கோல்ஃப் ஆட அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் தாய்மாமாவுக்கு 82 வயது. நான் சிறுமியாக இருந்தபோது மட்டையைக் கையில் கொடுத்து கோல்ஃப் சொல்லித்தந்தவர் அவர்தான். சில வருடங்களாக அவருக்குப் பார்க்கின்சன் நோய். முழங்கால் தேய்மானமும் உண்டு. மட்டையைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சென்ற மாதம் குளியலறையில் விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறிவு இல்லை. வீட்டுக்குள் கைத்தடியோடு நடக்கிறார். நான் வேறு ஊரில் இருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு வாரம் அவரோடு தங்கப் போகிறேன். அவர் வழக்கமாக ஆடிய மைதானத்தில் கடைசியாக ஒரு தடவை, முழு ஆட்டமாக, பதினெட்டு ஹோலும் (பந்தை அடித்துக்கொண்டு போய்க் குழியில் போடும் பதினெட்டு பகுதிகளும்) அவரோடு ஆடிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நரம்பியல் மருத்துவர், "ஜாக்கிரதையாக, அளவாக ஆடட்டும்" என்கிறார். மாமாவின் மகனோ, "விழுந்தால் யார் பார்ப்பது?" என்று கோபப்படுகிறார். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். அவர் விழுந்துவிடுவாரோ, சரியாக அடிக்க முடியாமல் மனம் உடைந்துபோவாரோ, நானே அங்கு அழுதுவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: போகலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் திட்டத்தில் இரண்டு விஷயங்களை இன்றைக்கே விட்டுவிடுங்கள். ஒன்று இன்ப அதிர்ச்சி. இன்னொன்று அந்தப் பதினெட்டு.

முதியவர்களுக்கான பிசியோதெரபி என் வேலை. விளையாட்டை விட்டுவிட்ட பெரியவர்களை மறுபடி ஏதாவது ஒரு அளவில் அதற்குள் கொண்டுவருவது அதில் எனக்குப் பிடித்த பகுதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பார்க்கின்சன் உள்ளவருக்குத் திடீர் ஏற்பாடு எதுவும் ஆகாது. மாத்திரை நேரம், தூக்கம், மலச்சிக்கல், முந்தின நாள் அலுப்பு என்று பல விஷயங்கள் சேர்ந்துதான் அவருடைய ஒரு காலைப்பொழுது எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கின்றன. பரபரப்பு வந்தால் நடுக்கம் கூடும். அது சந்தோஷப் பரபரப்பா பயப் பரபரப்பா என்று உடம்பு பார்ப்பதில்லை. மைதான வாசலில் வண்டியை நிறுத்தி "பாருங்க மாமா!" என்று நீங்கள் சொல்லும் நிமிடத்தில் அவர் கை உதற ஆரம்பித்தால், அந்தக் கையோடுதான் பழைய நண்பர்கள் முன்னால் முதல் டீயில், அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்தில், நிற்க வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. "கடைசி ஆட்டம்" என்ற எண்ணம் இதுவரை உங்களுடையதாக மட்டும்தான் இருக்கிறது. அவருக்கு அந்த ஆசை இருக்கிறதா என்றே நமக்குத் தெரியாது. ஒரு வருடமாக அவர் மட்டையைத் தொடாததற்கு உடம்பு காரணமாக இருக்கலாம். முன்பு நேராக இருநூறு கெஜம் போன பந்து நாற்பது கெஜத்தில் விழுவதைப் பார்க்கப் பிடிக்காமல் அவரே நிறுத்தியிருக்கவும் கூடும். கேட்டால்தான் தெரியும். "மாமா, அடுத்த மாதம் வரேன். ரெண்டு பேரும் மைதானத்துப் பக்கம் போய்ட்டு வரலாமா? சும்மா உட்கார்ந்துட்டு வந்தாலும் சரி, நாலு பந்து அடிச்சாலும் சரி" என்று ஃபோனிலேயே கேளுங்கள். "கடைசியாக" என்ற சொல் வேண்டாம். மறைப்பதற்காகச் சொல்லவில்லை. தன் உடம்பு எங்கே நிற்கிறது என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். அவரே அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் "சேச்சே, என்ன மாமா பேச்சு இது" என்று வாயை அடைக்காதீர்கள். "அப்படியும் இருக்கலாம் மாமா, அதனாலதான் உங்களோட ஆடணும்னு தோணுது" என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

அவர் சரி என்றால் அடுத்த கேள்வி: "எந்த ஹோல் உங்களுக்குப் பிடிக்கும்?" எத்தனை ஹோல் ஆட முடியும் என்று கேட்காதீர்கள், அது பரிசோதனை அறைக் கேள்வி மாதிரி இருக்கும். பல வருடம் ஒரே மைதானத்தில் ஆடியவருக்கு ஒவ்வொரு ஹோலோடும் ஒரு கணக்கு வழக்கு இருக்கும். ஓரிடத்தில் அவரை எப்போதும் ஏமாற்றிய குளம், இன்னோரிடத்தில் ஒரே அடியில் பந்து கிரீன் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) ஏறிய நாள். அவர் சொல்லும் மூன்று நான்கு ஹோல்கள்தான் உங்கள் ஆட்டம். அப்புறம் மைதானத்தின் வரைபடத்தை எடுத்து, அவற்றில் எவை கிளப் கட்டிடத்துக்குப் பக்கத்தில் வருகின்றன என்று பாருங்கள். சில மைதானங்களில் ஒன்பதாவது ஹோல் கிளப் வாசலுக்கே திரும்பி வரும். பழைய கடலோர மைதானங்கள் பலவற்றில் போகிற வழி முழுவதும் போய், கடைசிப் பாதியில்தான் திரும்பி வருவார்கள். ஏழாவது ஹோலில் அவருக்கு முடியாமல் போனால் எவ்வளவு சீக்கிரம் நாற்காலிக்கும் கழிப்பறைக்கும் கொண்டுவர முடியும் என்பதை வைத்துத்தான் ஹோல்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதினெட்டை ஏன் விடச் சொல்கிறேன்? நடந்து ஆடினால் அது ஏழெட்டு கிலோமீட்டர் சமாச்சாரம். கோல்ஃப் வண்டியில் போனாலும் பொதுவாக நாலு மணி நேரம் பிடிக்கும். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை பொதுவாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். நோய் முற்றியவர்களுக்கு அதன் பலன் மூன்று நான்கு மணி நேரத்தில், சிலருக்கு அதற்கும் முன்பே, இறங்கிவிடும். மாமாவின் மாத்திரை நேரத்தை இப்போதிருந்தே ஒரு வாரம் குறித்துவைக்கச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குப் போட்டார், எப்போது நன்றாக நடந்தார், எப்போது கால் இழுத்தது. அந்த நல்ல நேரத்தின் நடுப்பகுதியில் ஒன்றரை மணி நேரம், அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஆட்ட நேரம். மைதானத்துக்காக மாத்திரையை முன்பின் தள்ளுவதோ, கூட ஒன்று போடுவதோ வேண்டாம். மாற்ற வேண்டுமென்றால் நரம்பியல் மருத்துவர் மாற்றட்டும். புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால் சிலருக்கு இந்த மாத்திரை சரியாக ஏறாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது விழுகிற பயத்துக்கு வருவோம். உங்கள் பயங்களில் நான் அதிகமாக மதிப்பது இதைத்தான்.

மட்டையைச் சுழற்றும்போதுதான் விழுவார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை ஆபத்து அதிகம் இருப்பது மற்ற இடங்களில். பந்தைத் தாங்கும் சிறு ஆணியை (அதற்கும் டீ என்றுதான் பெயர்) தரையில் குத்தக் குனிவது, ஹோலிலிருந்து பந்தை எடுக்கக் குனிவது, குனிந்தவர் சட்டென்று நிமிர்வது. பார்க்கின்சன் உள்ளவர்கள் பலருக்கு எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கிவிடும்; தலை கிறுகிறுக்கும். அதனால் அன்றைக்கு மாமா குனியவே கூடாது. டீ வைப்பதும் பந்து எடுப்பதும் உங்கள் வேலை. அது அவருக்குப் பிடிக்காது என்றால், பட்டரின் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) பிடிமுனையில் மாட்டும் சிறிய ரப்பர் குமிழ் ஒன்று கிடைக்கிறது. பட்டரைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தினால் பந்து அதில் ஒட்டிக்கொண்டு வரும். நின்றபடியே டீ வைக்க நீளக் கைப்பிடிக் கருவியும் உண்டு. முழங்கால் கெட்ட நாற்பது வயதுக்காரர்களே இதையெல்லாம் பயன்படுத்துகிறார்கள், அதனால் மாமாவுக்குக் கூச்சமிருக்காது.

அடுத்தது திரும்புவது. அடித்து முடித்ததும் நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்பினால் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல் உறைந்துவிடும், உடம்பு மட்டும் திரும்பும். அங்கேதான் விழுவார்கள். அரைவட்டமாகச் சிறு சிறு அடிவைத்துத் திரும்பச் சொல்லிப் பழக்குங்கள். உறைந்துவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நின்று, மூச்சுவிட்டு, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, அல்லது அவர் காலுக்கு முன்னால் ஒரு மட்டையைக் கிடத்தி அதைத் தாண்டச் சொன்னால் பெரும்பாலும் கால் எழும்பிவிடும். அவர் நடக்கும்போது கதை கேட்காதீர்கள். நடப்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் அவருக்கு இரண்டு வேலை. பேச்செல்லாம் வண்டியில் உட்கார்ந்த பிறகு.

அந்த வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கவாட்டில் கதவில்லாத வண்டி அது. திருப்பத்தில் வேகமெடுத்தால் பெரியவர்கள் வெளியே சரிந்துவிடுவார்கள். மெதுவாக ஓட்டுங்கள், திருப்பத்தில் அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் வெளிப்பக்கமாக வருகிறதா என்று பாருங்கள், மேடு பள்ளத்தில் குறுக்காக ஏற்றாதீர்கள். நடக்க முடியாத ஆட்டக்காரர்களின் வண்டிக்கு ஒரு தனிக் கொடி கொடுத்து, கிரீனுக்குப் பக்கம் வரை ஓட்டிப்போக விடுகிற மைதானங்கள் உண்டு. கிளப் செயலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவரிடமே வாரநாளில் கூட்டமில்லாத நேரமாகவும் பின்னால் இடைவெளி விட்டும் ஒரு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் நாலு பேர் இடுப்பில் கைவைத்துக் காத்திருப்பது தெரிந்தால் பெரியவர்கள் அவசரப்படுவார்கள். அந்த அவசரம்தான் பல நேரம் ஆளைத் தள்ளுகிறது.

புல் ஈரமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள், மறு பேச்சு வேண்டாம். பங்கர் எனும் மணல் குழிக்குள் அவர் இறங்க வேண்டாம். விளிம்புச் சரிவும் மணலும் சேர்ந்து அவருக்கு ஆகவே ஆகாது. இதற்கு விதியே இடம் தருகிறது. 2019-இல் வந்த மாற்றத்தின்படி, ஆட முடியாத பந்தாக அறிவித்து இரண்டு தண்டனை அடிகளோடு பங்கருக்கு வெளியே பந்தைப் போட்டு ஆடலாம். நீங்கள் போட்டியில் இல்லை என்பதால் தண்டனையை மறந்துவிடலாம்தான். ஆனால் விதிகளை மதித்து ஆடிய பழைய ஆட்டக்காரர்கள் பலருக்குச் சலுகை கசக்கும், விதி கசக்காது. உடல் குறைபாடுள்ள ஆட்டக்காரர்களுக்கான மாற்றங்கள் 2023 முதல் கோல்ஃப் விதிப்புத்தகத்துக்குள்ளேயே 25-ஆவது விதியாக வந்துவிட்டன என்பதையும் பேச்சுவாக்கில் மாமா காதில் போட்டுவையுங்கள்.

சுழற்றுவதில் நான் அதிகம் கவலைப்படவில்லை. ஒழுங்காக நடக்க வராத சிலர், பந்துக்கு முன்னால் நிறுத்தினால் நன்றாகவே சுழற்றுவார்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு குறி இருப்பது அவர்கள் உடம்புக்கு உதவுகிறது. ஆனால் ஒரு வருட இடைவெளிக்குப் பிறகு டிரைவர் என்ற நீள மட்டையைக் கையில் கொடுத்து முழு வேகத்தில் சுழற்ற விடாதீர்கள். ஹைப்ரிட் அல்லது ஏழாம் எண் உட் போன்ற சிறிய மட்டை போதும். கால்களை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகட்டி, முக்கால் சுழற்சி. ஃபேர்வேயிலும் (டீக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள புல்வெளி) பந்தைச் சிறிய டீ மேல் வைத்துக்கொள்ளட்டும், தரையில் மட்டை மோதி மணிக்கட்டும் முதுகும் அதிராமல் இருக்கும். முதல் சில அடிகளுக்கு நீங்கள் அவருக்குப் பின்னால், மட்டை படாத தூரத்தில், ஆனால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நில்லுங்கள். மைதானத்துக்குப் போகும் முன் இரண்டு வாரம் வீட்டிலேயே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும், மேசையைப் பிடித்துக்கொண்டு எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றும் பயிற்சியும் தினம் செய்யட்டும். அவருக்கு ஏற்கெனவே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள். "நடைப் பயிற்சி" என்றால் சலித்துக்கொள்கிற ஆள், "மைதானத்துக்குத் தயாராகிறோம்" என்றால் எழுந்து வருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மனம் உடைவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஆறுதல் வார்த்தையைவிட ஆட்ட முறையை மாற்றுவது நன்றாக வேலை செய்யும். அடிகளை எண்ணும் ஆட்டம் ஆடாதீர்கள். நீங்கள் இருவரும் ஒரே அணியாக ஸ்கிராம்பிள் ஆடுங்கள்: இருவரும் அடிப்பது, இரண்டில் நல்ல பந்து எதுவோ அந்த இடத்திலிருந்து மறுபடி இருவரும் அடிப்பது. உங்கள் நீண்ட அடி அவரைக் கிரீன் வரை கொண்டுபோகும். கிரீனில் அவருடைய கை பேசும், ஏனென்றால் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கில் பலம் வேண்டாம், அனுபவம் வேண்டும். சரிவைப் படித்து "ரெண்டு விரல் இடப்பக்கம் வை" என்று உங்களுக்குச் சொல்கிற இடத்தில் அவர் மறுபடி உங்கள் குருவாகிவிடுவார்.

தனித்தனியாக ஆடித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறை இருக்கிறது. ஒரு ஹோலில் எவ்வளவு மோசமாக ஆடினாலும் புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே போகாது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்குப் போய்விடலாம். 1932-இல் இங்கிலாந்தின் வாலஸி கிளப்பில் இந்த முறையில் போட்டி நடத்தியவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட். தொடக்கத்திலேயே இரண்டு ஹோல் சொதப்பியவர்கள் மனம் விட்டுவிடுவதைப் பார்த்து யோசித்த முறை என்பார்கள். அவர் ஒரு மருத்துவர். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

தயவுசெய்து பொய்ப் பாராட்டு வேண்டாம். பத்தடி உருண்ட பந்துக்கு "சூப்பர் மாமா!" என்று கை தட்டினால், தன்னைக் குழந்தையாக்கிவிட்டார்கள் என்பது அவருக்கு உடனே புரியும். மோசமான அடியைப் பார்த்து அந்தக் காலத்தில் அவர் உங்களிடம் என்ன சொல்வாரோ அதையே சொல்லுங்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் அடுத்த பந்தை எடுத்துக் கொடுங்கள். அவர் பார்க்காதபோது பந்தைக் காலால் நகர்த்தி நல்ல இடத்தில் வைப்பதும் கூடாது. நகர்த்தலாம் என்று ஆட்டத்துக்கு முன்பே இருவரும் பேசி வைத்துக்கொண்டால் சரி.

அவர் ஒரு பந்துகூட அடிக்காமல் திரும்பினால்? அதற்கும் தயாராக இருங்கள். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் போட்டியைப் பழம்பெரும் ஆட்டக்காரர்கள் ஒரு அடி அடித்துத் தொடங்கிவைப்பது வழக்கம். 2002-இல் சாம் ஸ்னீட் அடித்த பந்து ஒரு பார்வையாளர் மேலேயே போய்ப் பட்டது. அவருக்கு அப்போது வயது 89. 2016-இல் ஆர்னால்ட் பாமருக்கு உடம்பு முடியவில்லை. மட்டையைத் தொடவில்லை, டீ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், ஜாக் நிக்லாஸும் கேரி பிளேயரும் அடித்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது பாமருக்கும்தான். மாமா நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் அடிப்பதைப் பார்த்து, "தோள் இன்னும் தூக்குது" என்று குறை சொன்னால் அன்றைய ஆட்டம் நடந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டிங் பழகும் கிரீனில் அரை மணி நேரம் என்பதும் ஆட்டம்தான்.

எப்போது நிறுத்துவது என்பதை முன்பே பேசிவிடுங்கள். "போதும்" என்று வாயால் சொல்லப் பலருக்குக் கௌரவம் இடம் கொடுக்காது. தொப்பியைக் கழற்றினால் போதும் என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளலாம். அவர் கழற்றியதும் "இந்த ஒரு ஹோல் மட்டும் மாமா" என்று கெஞ்சாதீர்கள். அந்த நிமிடத்தில் அது உங்களுக்காக ஆடும் ஆட்டமாகிவிடும்.

மாமாவின் மகனைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி. ஆனால் எனக்கு அந்த வரிதான் உறுத்தியது. அவர் தடையாக நிற்கிறார் என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. கொஞ்சம் அவர் பக்கமிருந்து பாருங்கள். இரவில் கழிப்பறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போவதும், மாத்திரை எண்ணி வைப்பதும் அநேகமாக அவர்தான். நீங்கள் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போய்விடுவீர்கள். இடுப்பு எலும்பு முறிந்தால் அடுத்த பல மாதம் அவருடையது. "யார் பார்ப்பது" என்று அவர் கேட்டது கோபம் மட்டுமில்லை, கணக்கும்கூட. அவரிடம் அனுமதி கேட்டு வாதாடுவதற்குப் பதிலாக, மேலே சொன்னதையெல்லாம் அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். குனிய விடமாட்டோம், பங்கரில் இறக்கமாட்டோம், ஈரமிருந்தால் போகமாட்டோம் என்று கேட்டால் பாதி பதற்றம் இறங்கிவிடும். அப்புறம் அவரையே வண்டி ஓட்டக் கூப்பிடுங்கள். அப்பாவைப் பராமரிக்கப்பட வேண்டியவராக மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு, அப்பா ஒரு பட் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது நல்லதுதான். வரமாட்டேன் என்றால், அன்று ஒரு நாள் அவருக்கு ஓய்வு என்று சொல்லி அனுப்பிவைத்து, வேறு ஒரு பலமுள்ள ஆளையோ, மட்டைப் பை சுமக்கும் கேடியையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தனி ஆளாக மட்டும் போகாதீர்கள்.

நீங்கள் அழுதுவிடுவது பற்றி: அழுதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் முதல் டீயிலேயே ஆரம்பித்தால், ஆட வந்த மனிதர் உங்களைத் தேற்றுகிற வேலையில் இறங்கிவிடுவார். முந்தின நாளே யாரிடமாவது பேசி அழுதுவிட்டு வாருங்கள், கிண்டலாகச் சொல்லவில்லை. படம், வீடியோ எல்லாம் ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் எடுத்துவிட்டு ஃபோனைப் பையில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு அடியையும் படம்பிடித்தால் அவர் கேமராவுக்காக ஆடத் தொடங்குவார். நெஞ்சுவலி, மூச்சு வாங்கல், திடீர் குழப்பம், பேச்சுக் குழறல் எது வந்தாலும் ஆட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு உதவிக்குக் கூப்பிட வேண்டும். மைதானத்தின் அவசர எண்ணை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எல்லாம் நன்றாக நடந்து, வீடு திரும்பும் வழியில் அவர் "அடுத்த தடவை எப்போ வர்ற?" என்று கேட்பார். இது அடிக்கடி நடக்கிறது. அப்போது "பார்க்கலாம் மாமா" என்று மழுப்பாதீர்கள். நீங்கள் அடுத்து ஊருக்கு வரும் மாதத்தைச் சொல்லுங்கள், அன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப மூன்று ஹோலோ பட்டிங் கிரீனோ என்று சொல்லுங்கள். இடையில் வாரம் ஒரு நாள் பட்டிங் கிரீனுக்கு அவரை அழைத்துப்போக மகனோ பழைய நண்பர் ஒருவரோ சம்மதிப்பார்களா என்று, கிளம்புவதற்கு முன்பே பேசி வையுங்கள்.